வானம் தோண்டும் முன் ஒரு டப்பா கோலமாவு

30-க்கு 40 மனை. இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை, கார் நிறுத்தக் கொஞ்சம் இடம். இன்ஜினியர் போட்டுக் கொடுக்கும் பிளான் முதலில் போய்ச் சேருவது பெரும்பாலும் வாஸ்து பார்ப்பவரிடம்தான். அடுத்து வாட்ஸ்அப்பில் மாமா, மச்சான், ஏற்கெனவே வீடு கட்டிக் களைத்த நண்பர். “சூப்பர்” என்று நாலு பேர், “பூஜையறையை மாத்துங்க” என்று ரெண்டு பேர். அங்கே மூன்று வேளையும் சமைக்கப்போகிறவரிடம் காட்டினீர்களா என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வராது.

தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதி. ஆனால் விதிக்குள் அடங்கிய வீடு வசிக்கத் தோதாகவும் இருக்கும் என்பதில்லை. ஃபிரிட்ஜ் கதவு முழுதாகத் திறக்குமா என்று எந்த அலுவலகமும் பார்க்காது.

பிளானில் ‘10 X 10’ என்று இருக்கும். சுவரோடு சேர்த்தா, சுவர் நீங்கலாகவா? முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். சுவரோடு என்றால், இருபுறமும் 9 அங்குலச் சுவர் போக எட்டரை அடிதான் மிஞ்சும். அதில் 6 அடி அகலக் கட்டில் போட்டால் பாக்கி இரண்டரை அடி. எதிரே இரண்டடி ஆழத்தில் ஒரு பீரோ வைத்துப் பாருங்கள். பீரோ நிற்கும், கதவு திறக்காது.

காகிதத்தில் இது கண்ணில் படுவதில்லை. அதற்குத்தான் கோலமாவு. மொட்டைமாடியிலோ காலி மனையிலோ சமையலறையை நிஜ அளவில் கோடு போட்டு, அடுப்பு, தொட்டி, ஃபிரிட்ஜ் இருக்கும் இடங்களில் செங்கல் வைத்து, சமைப்பவரை உள்ளே நிற்கச் சொல்ல வேண்டும். “கிரைண்டர் எங்கே? சிலிண்டர் எந்த வழியா வரும்? ஈரத்துணி எங்கே காயும்?” என்று அவர் அடுக்குவார். “எப்படி இருக்கு?” என்று பிளானை நீட்டினால் இந்தக் கேள்விகள் வருவதில்லை.

படிக்கட்டை முழங்கால் வலிக்காரரிடம் கேட்க வேண்டும். வீட்டுப் படியின் உயரம் 19 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. இடத்தை மிச்சம் பிடிக்க 8 அங்குலம் வைத்துவிட்டால் 20 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். மேற்குப் பக்கச் சுவரும் கவனிக்க வேண்டியது. பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்கிக்கொண்டு, அது ராத்திரியில் படுக்கையறைக்குள் அனலாய்க் கக்கும்.

கொத்தனாரையும் விட்டுவிடக் கூடாது. கழிவறைக் குழாய் எந்தப் பக்கம் இறங்கும், செப்டிக் டேங்க் லாரியின் குழாய் எட்டுமா என்பதெல்லாம் அவருக்குத்தான் சட்டென்று தோன்றும்.

லிண்டல் மட்டம் வந்தபின் ஜன்னலை நகர்த்தச் சொன்னால் உடைக்கக் கூலி, கட்டக் கூலி, வீணாகும் செங்கல் எல்லாம் வீட்டுக்காரர் தலையில்தான். பிளானில் மாற்ற ஒரு ரப்பர் போதும்.