மின்னல் தாக்கினாலும் விமானம் பறக்கும்

1963 டிசம்பர் 8, இரவு. அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்து புறப்பட்ட பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707, பிலடெல்பியாவில் வானிலை சரியில்லாததால் இறங்க முடியாமல் வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. அப்போது மின்னல் தாக்கியது. இடது இறக்கையின் வெளிப்பக்க எரிபொருள் தொட்டியில் இருந்த ஆவி பற்றிக்கொண்டு வெடித்தது. எல்க்டன் என்ற ஊருக்கு அருகே விமானம் விழுந்து, அதில் இருந்த 81 பேரும் இறந்தார்கள்.

இன்றும் மின்னல் விமானங்களை விடுவதில்லை. ஒரு பயணிகள் விமானத்தைச் சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறையாவது தாக்குகிறது. 1980களில் நாசா எஃப்-106 ரகப் போர் விமானம் ஒன்றை வேண்டுமென்றே இடிமேகங்களுக்குள் ஓட்டி, 700 தடவைக்கு மேல் அடிவாங்க வைத்தது. (விமானிகளின் துணிச்சலை என்னென்பது!) மேகத்தின் மின்புலம் விமானத்தின் கூரான முனைகளில் குவிவதால், பெரும்பாலான தாக்குதல்களில் மின்னலைத் தூண்டிவிடுவதே விமானம்தான் என்பது தெரிந்தது.

மூக்கிலோ இறக்கை நுனியிலோ நுழையும் மின்சாரம் வெளித்தோல் வழியாகவே ஓடி, வால் பக்கம் வெளியேறிவிடும். உள்ளே இருப்பவருக்கு ஒரு வெளிச்சம், ஒரு சத்தம், அவ்வளவுதான். அலுமினியம் நல்ல கடத்தி என்பதால் இது எளிது. போயிங் 787 விமானத்தின் எடையில் பாதி கார்பன் இழைக் கலவை. அது அலுமினியம் அளவுக்குக் கடத்தாது. அதனால் மேற்பூச்சுக்குக் கீழே மெல்லிய உலோக வலையைப் பதிக்கிறார்கள். ரேடார் இருக்கும் மூக்குப் பகுதியை உலோகத்தால் மூடினால் ரேடாருக்குக் கண் தெரியாது. எனவே அங்கே உலோகப் பட்டைகள் மட்டும். எரிபொருள் தொட்டியின் தோலில் ஓட்டை விழாத தடிமன் வேண்டும். ஆணிகளிலும் இணைப்புகளிலும் ஒரு பொறிகூடப் பறக்கக் கூடாது. ஆவி பற்றிக்கொள்ளாமல் இருக்க, இப்போது பல விமானங்களில் தொட்டியின் காலியிடத்தில் நைட்ரஜன் மிகுந்த காற்றையும் நிரப்புகிறார்கள். இறக்கை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குச்சிகளைப் பலர் இடிதாங்கி என்று நினைக்கிறார்கள். அல்ல, வானொலித் தொடர்பில் இரைச்சல் வராதபடி நிலைமின்சாரத்தைக் கழிப்பதே அவற்றின் வேலை.

ஆக, வானத்தில் இருப்பவர் பத்திரம். என் கவலை தரையில் நிற்பவரைப் பற்றியது. விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும்போது, விமானியோடு பேச ஹெட்செட் வயரை விமானத்தில் செருகிக்கொண்டு ஒரு ஊழியர் கீழே நிற்பார். அந்த நேரத்தில் விமானத்தில் மின்னல் இறங்கினால், வயர் வழியே அவருக்கும் பாயும். கட்டடத்துக்குள் இருப்பவருக்கும் முழு உத்தரவாதம் இல்லை. 2013இல் அதே பால்டிமோர் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் மின்னல் விழுந்து, உள்ளே பணியில் இருந்தவர் காயமடைந்தார். அதன்பிறகே அமெரிக்கா முழுவதும் நூற்றுக்கணக்கான கோபுரங்களில் இடிதாங்கி, எர்த் இணைப்புகளைச் சோதிக்க முடிவானது. மண்ணுக்கடியில் போகும் வடங்களுக்குக்கூடக் காப்பு உண்டு: ஓடுபாதை விளக்குகளுக்கான புதைவடங்களுக்கு மேலே வெறும் செப்புக் கம்பி ஒன்றையும் புதைப்பதுண்டு. மின்னலைத் தான் வாங்கிக்கொண்டு வடத்தைக் காப்பதற்காக.

ஆனால் திறந்தவெளியில் வேலை செய்பவருக்கு இடிதாங்கியும் இல்லை, உலோகத் தோலும் இல்லை. அவருக்குள்ள ஒரே காப்பு, வேலையை நிறுத்திவிட்டு உள்ளே போவது. அதனால்தான் சுமார் 8 கிலோமீட்டருக்குள் மின்னல் தெரிந்தால் பல விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்புவதும் பெட்டி ஏற்றுவதும் நின்றுபோகின்றன. மழைநாளில் விமானத்துக்குள் காத்திருக்க நேர்ந்தால், பணிப்பெண்ணிடம் எரிந்து விழாதீர்கள். பெட்டி தூக்குபவர் பத்திரமாக இருக்கட்டும்.