காக்கி கேம்பல்: முட்டைக்குப் பெயர் போன வாத்து

அமராவதிப் பாசனத்தில் நெல் அறுவடை முடிந்ததும் மடத்துக்குளம், கொழுமம், குமரலிங்கம் பக்கத்து வயல்களில் வாத்துக் கூட்டங்கள் மேய்வதைப் பார்த்திருப்போம். உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் பூச்சிகளையும் தின்று, வயலுக்கு எருவும் போட்டுச் செல்பவை அவை. ஆனால், வீட்டில் முட்டைக்காக வாத்து வளர்க்க விரும்புவோருக்குப் பலரும் சொல்லும் பெயர் 'காக்கி கேம்பல்'. குஞ்சு வாங்கும் முன் அதன் பூர்வீகத்தையும் குணத்தையும் அறிந்துகொள்வது நல்லது.

பிறந்த கதை

இந்த இனத்தை உருவாக்கியவர் இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயரில், யூலி என்ற ஊரில் வாழ்ந்த அடேல் கேம்பல் என்ற பெண்மணி. அவரிடம் 'இந்தியன் ரன்னர்' வாத்து ஒன்று இருந்தது. அது 196 நாளில் 182 முட்டைகள் இட்டது. ஆனால், உடல் மெலிந்த இனம். முட்டையும் வேண்டும், கறியும் வேண்டும் என்று நினைத்த அவர், பருமனான ரூவன் இனத்து ஆண் வாத்துடன் அதைச் சேர்த்தார். பிறகு காட்டு வாத்தின் கலப்பும் சேர்ந்தது. 1898-ல் புதிய இனம் அறிமுகமானது. இதில் வேடிக்கை, 'இந்தியன்' என்று பெயர் இருந்தாலும் ரன்னர் வாத்தின் பூர்வீகம் இந்தோனேசியத் தீவுகள்தாம்!

1901 வாக்கில் வந்த மண்நிற வகைக்கு, அன்றைய பிரிட்டிஷ் சிப்பாய்களின் உடையை ஒட்டிக் 'காக்கி' என்று பெயரிட்டார். 'காக்' என்றால் பார்சியிலும் உருதுவிலும் மண், புழுதி என்று பொருள்.

குணங்கள்

சுமார் 2 கிலோ எடை இருக்கும். ஐந்து மாத அளவில் முட்டையிடத் தொடங்கும். நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 300 முட்டை வரை கிடைக்கும். முட்டைக்கு மட்டும் என்றால் ஆண் வாத்து தேவையில்லை.

ஆனால், இது பெரும்பாலும் அடைகாக்காது. குஞ்சு வேண்டுமானால் அடைக்கோழியோ இன்குபேட்டரோ வேண்டும். 28 நாட்கள் ஆகும்.

கவனிக்க வேண்டியவை

பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் முட்டையிடும். எனவே காலை ஒன்பது மணிக்குப் பிறகே திறந்துவிட வேண்டும். எட்டு மணிக்கே மில்லுக்குக் கிளம்பும் வீடுகளில் இதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும்.

குளம் கட்டாயமில்லை, தலை முழுவதும் நனையும் ஆழத்தில் தண்ணீர் இருந்தால் போதும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் தீவனம். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கில் உள்ள அஃப்ளடாக்சின் நஞ்சைக் கோழியை விட வாத்து குறைவாகவே தாங்கும். ஈரம் பட்ட மூட்டை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் போட்டால் மொத்தக் கூட்டமும் மடியக்கூடும்.

வாத்தின் இறைச்சியும் முட்டையும் நமக்கு ஹலால். அதே வேளையில், நம் கூட்டில் அடைத்த உயிர் நம்மிடம் உள்ள அமானிதம். முட்டைக் கணக்கைப் பார்க்கும் முன் தண்ணீர், தீவனம், ஆள் ஆகிய மூன்றும் நம் வீட்டில் உண்டா என்று பார்ப்போம். இருந்தால், நான்கைந்து வாத்துகளுடன் தொடங்கலாம்.