வண்டி வீட்டில் டி.வி. வரவில்லையா?

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, எல்லோருமாக யெல்லோஸ்டோன் பார்க்கக் கிளம்பினோம். அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம் அடங்கிய ஆர்.வி. என்ற வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தார் மாப்பிள்ளை. கூரையில் டிஷ்கூட உண்டு!

பைன் மரத்தடியில் நிறுத்தினோம். டி.வி.யில் 'சிக்னல் இல்லை'. கார்ட்டூன் வந்தால்தான் சாப்பிடுவேன் என்று பேரன் அழ, மாப்பிள்ளை மழை ஈரத்தோடு கூரை ஏணியில் ஏறிவிட்டார். எனக்கு அடிவயிறு கலங்கிற்று. "மாப்பிள்ளை, முதல்லே கீழே இறங்குங்க!" என்றேன்.

ஊரில் எங்கள் டிஷ்ஷைத் தென்னங்கீற்று மறைத்த அனுபவம் எனக்கு உண்டு. டி.வி. சாட்டிலைட் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நம் ஊரில் டிஷ் ஏறக்குறைய உச்சியைப் பார்க்கும். அங்கேயோ தெற்கே சரிந்து பார்க்க வேண்டும். எதிரில் ஒரு மரம் இருந்தால் போதும், படம் போச்சு!

ஆகவே, தரையில் நின்றபடியே இவற்றைக் கவனியுங்கள்: தெற்கு வானம் திறந்திருக்கிறதா? வண்டி சமமாக நிற்கிறதா? ரிசீவருக்குப் பின்னால் கேபிள் திருகு இறுகியிருக்கிறதா? அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்துச் செருகுங்கள். பலத்த மழையென்றால், விடும்வரை காத்திருங்கள். ஈரக் கூரையில் மட்டும் யாரையும் ஏற விடாதீர்கள்.

வண்டியை வெட்டவெளிக்கு மாற்றினோம். படம் பளிச்சென்று வந்தது. அதற்குள் பேரன், என்னிடம் நரிக்கதை கேட்டபடியே தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்திருந்தான்!