அசரியா வேண்டிய நட்பு

பிறமொழி நாட்டில் வாழும் நமக்குப் பேராயர் வே. சா. அசரியாவின் வரலாறு அயலார் கதையன்று. 1874-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த அவர், 1909-இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்று, அம்மொழி பயின்று பணி புரிந்தார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

மெய்யான விசுவாசத்திற்கு உரைகல் எது? தானம் மட்டுமன்று என்பது அவர் துணிபு. 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், மேனாட்டுத் தொண்டர் பொருளும் உடலும் ஈந்ததை நன்றியோடு ஒப்புக்கொண்ட அவர், தாம் வேண்டுவது நட்பே என்றார். கேட்டோரில் சிலர் முகம் சுளித்தனர். வழங்கும் கையே பந்தியில் உடனமர மறுப்பதை நாமும் கண்டதில்லையா?

திருச்சபையின் எதிர்காலத்தையும் அவர் இவ்வழியிலேயே எண்ணினார். மேனாட்டில் எக்காலத்திலோ மூண்ட பூசல்களால் பிரிந்த சபைகள், அப்பூசல்களை அறியாத நம் சிற்றூர்களிலும் பிரிந்து நிற்பானேன்? 1919-இல் தரங்கம்பாடியில் வெவ்வேறு சபைப் போதகர்கள் கூடி ஒருமைக்கு வழிகோலியபோது அவர் முன்னின்றார். பேச்சு இருபத்தெட்டு ஆண்டுகள் நீண்டது. பேராயரால் அபிஷேகம் பெறாத போதகரை ஏற்பதா என்னும் வினாவே பெருந்தடையாயிற்று. 1945 ஜனவரி முதல் நாள் அசரியா மறைந்தார். 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று.