கால் மணி நேரத்தில் லண்டனா?

பாரிஸ், பிரான்ஸ் நாட்டின் தலைநகரம். லண்டன், இங்கிலாந்தின் தலைநகரம். இரண்டுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 340 கிலோமீட்டர்.

பாரிசில் காலை 10 மணிக்கு விமானம் புறப்படுகிறது. லண்டனில் இறங்கும்போது அங்குள்ள கடிகாரம் 10.15 காட்டுகிறது. கால் மணி நேரத்தில் வந்துவிட்டதா?

இல்லை. பயண நேரம் ஒன்றேகால் மணி. பாரிசில் 10 மணி என்றால் லண்டனில் 9 மணிதான்.

திரும்பும்போது? லண்டனில் 10 மணிக்குப் புறப்பட்டால், பாரிஸ் கடிகாரத்தில் 12.15 ஆகிவிடும்.

ஏன் இந்த வேறுபாடு? முன்பு இரண்டு நகரங்களுக்கும் ஒரே நேரம்தான். இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், ஜெர்மன் படை பாரிசைப் பிடித்தது. கடிகாரங்களை ஜெர்மனியின் நேரத்துக்கு மாற்றியது. போர் 1945இல் முடிந்தது. ஆனால் பிரான்ஸ் அந்த நேரத்தையே வைத்துக்கொண்டது.

விமானச் சீட்டில் அந்தந்த ஊர் நேரமே இருக்கும். லண்டன் நேரம் காட்டும் கைக்கடிகாரத்தை நம்பிப் பாரிசில் விமானம் ஏறப் போனால் என்ன ஆகும்? ஒரு மணி நேரம் தாமதமாகிவிடும். விமானம் போயிருக்கும்.

சீட்டைப் படித்தால் மட்டும் போதாது. எந்த ஊர் நேரம் என்றும் பார்க்க வேண்டும்.