நெடுஞ்சாலை வழிகாட்டிப் பலகைகள்

நாற்சந்தியில் நிற்கும் கைகாட்டி, மாட்டு வண்டியில் செல்வோருக்குப் போதுமானதாக இருந்தது. வண்டியை நிறுத்தி, ஊர்ப்பெயரைப் படித்துவிட்டு வழியைத் தொடர அவர்களுக்கு நேரம் இருந்தது. மோட்டார் ஓட்டுநருக்கு அவ்வசதி இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டரைக் கடந்துவிடுகிறது. ஆகவே, வழிகாட்டிப் பலகையின் அமைப்பை நிர்ணயிப்பது காலமே ஆகும்.

முதலாவது, எழுத்தின் உயரம். 1 அங்குல உயரமுள்ள எழுத்தை 30 அடி தொலைவிலிருந்து படிக்கலாம் என்பது அமெரிக்காவில் கையாளப்படும் கணக்கு. இதன்படி 20 சென்டிமீட்டர் உயரமுள்ள எழுத்து 72 மீட்டர் தொலைவில் புலப்படும். மேற்கூறிய வேகத்தில் இத்தூரம் மூன்று நொடிகளுக்குச் சற்று மேல் மட்டுமே. பலகையை நெருங்குங்கால் அது பார்வையின் ஓரத்திற்கு ஒதுங்கிவிடுவதால், அந்த அவகாசமும் முழுமையாகப் பயன்படுவதில்லை.

இரண்டாவது, எழுத்தின் வடிவம். பிரிட்டனின் முதல் மோட்டார் நெடுஞ்சாலையான பிரெஸ்டன் புறவழிச்சாலை 1958 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதற்கான பலகைகளை ஜாக் கின்னீர், மார்கரெட் கால்வெர்ட் ஆகியோர் வடிவமைத்தனர். ஊர்ப்பெயர் முழுவதையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளால் எழுதும் பழைய வழக்கத்தை அவர்கள் கைவிட்டனர்; முதலெழுத்தை மட்டும் பெரியதாகவும் ஏனையவற்றைச் சிறிய எழுத்துகளாகவும் அமைத்தனர். பலகையை முன்னதாகச் செய்து, அதனுள் எழுத்துகளைத் திணிக்கவில்லை. எழுத்தின் அளவே பலகையின் அளவைத் தீர்மானித்தது.

மூன்றாவது, பலகை நிற்கும் இடம். சந்திப்பிலேயே முதன்முதலாகச் செய்தியை அறியும் ஓட்டுநர் திடீரெனத் தடை போடுவார். அல்லது வழியைத் தவறவிட்டு வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துவார். இரண்டுமே பின்னால் வருவோரின் உயிருக்கு ஆபத்தானவை. சந்திப்புக்கு 1 கிலோமீட்டர் முன்னதாக நிறுவப்படும் பலகை, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 45 நொடி அவகாசம் அளிக்கிறது. சந்திப்பில் இரண்டாவது பலகை திரும்பும் வழியைக் காட்டும். அதைக் கடந்தபின் வரும் மூன்றாவது பலகை, சரியான வழியில்தான் செல்கிறோம் என்பதை உறுதிப்படுத்தும்.

இந்தியாவில் மற்றொரு பிரச்சினையும் உண்டு. மாநில மொழி, இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் எழுதினால், மூன்று ஊர்ப்பெயர்கள் ஒன்பது வரிகளாகின்றன. ஓட்டுநர் தமக்குரிய வரியைத் தேடுவதிலேயே நேரம் கழிந்துவிடும். எனவே, மொழிகளைக் குறைக்க இயலாத இடத்தில் ஊர்களைக் குறைப்பதே தக்கது. ஒருமுறை காட்டப்பட்ட ஊர்ப்பெயர், அவ்வூர் வந்து சேரும்வரை அடுத்தடுத்த பலகைகளிலும் இடம்பெறுதல் வேண்டும். இடையில் அப்பெயர் மறைந்துவிடின், புதிதாக அவ்வழியே வருவோர் வழி தவறிவிட்டதாகவே கருதுவர்.