அடுப்பின் எண்ணும் பாத்திரத்தின் சூடும்

அமெரிக்காவில் சமையலறையைப் புதுப்பிப்போர் பலர், 'மணிக்கு 15,000 பி.டி.யு.' என்ற எண்ணைக் கண்டு விலையுயர்ந்த எரிவாயு அடுப்பை வாங்குகின்றனர். பி.டி.யு. என்பது பிரிட்டிஷ் வெப்ப அலகு; இவ்வெண் ஏறத்தாழ 4,400 வாட் திறனுக்குச் சமம். ஆனால் இதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 1,500 வாட்டே, பாத்திரத்தைச் சேர்கிறது. எஞ்சிய வெப்பம் அறையைச் சூடாக்கும். அதை வெளியேற்றப் பெரிய விசிறியும் தேவை.

மின்தூண்டல் அடுப்பிலோ, கண்ணாடிக்குக் கீழுள்ள கம்பிச்சுருளின் மாறும் காந்தப்புலம், பாத்திரத்தின் அடியிலேயே சுழல் மின்னோட்டங்களைத் தோற்றுவிக்கிறது. பாத்திரமே சூடாகிறது! ஏறத்தாழ 85 சதவீத ஆற்றல் பயன்படுவதால், 1,800 வாட் அடுப்பே அவ்வேலையைச் செய்துவிடும். ஆனால் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டவேண்டும்.

ஆகவே, அடுப்பு வாங்குமுன் எண்ணை மட்டும் பாராதீர்கள். பயன்படும் பங்கால் அதைப் பெருக்கிப் பாருங்கள்.